மூவுடல் படகு மனுரேவா

1968-ஆம் ஆண்டு மே மாதம். பிரான்சு நாடு முழுவதும் வேலைநிறுத்தங்களால் நிலைகுலைந்து கிடந்தது. அந்த நாட்களில்தான் அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள லோரியான் துறைமுகத்தில் விசித்திரமான பாய்மரப் படகு ஒன்று நீரில் இறக்கப்பட்டது. நீளம் 20 மீட்டருக்குச் சற்று அதிகம். அகலமோ 10 மீட்டருக்கும் மேல். நடுவில் நீண்டு ஒல்லியான உடல். இருபுறமும் அதைவிட ஒல்லியான இரண்டு மிதவைகள். மூன்றையும் இணைக்கும் உலோகக் குழாய்ச் சட்டம். எல்லாம் அலுமினியக் கலவையால் ஆனவை. கட்டடத்திலிருந்து கழற்றிய சாரத்தைக் கடலில் மிதக்கவிட்டதுபோல் இருந்தது அதன் தோற்றம்.

இப்படகு கடலில் இருந்தது ஏறத்தாழப் பத்தே ஆண்டுகள். அதற்குள் அதற்கு இரண்டு உரிமையாளர்கள்; இரண்டு பெயர்கள். பெருங்கடல் பந்தயத்துக்கு எத்தகைய படகு ஏற்றது என்று உலகம் எண்ணியிருந்த எண்ணத்தையே அது மாற்றிவிட்டது. முடிவில் தன் மாலுமியோடு தடயமின்றி மறைந்தும் போயிற்று. இப்படகு தன் வேகத்தை எங்கிருந்து பெற்றது? அந்த வேகத்துக்காகக் கொடுத்த விலை என்ன? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம், வாருங்கள்.

முதல் உரிமையாளர்

படகைக் கட்டுவித்தவர் எரிக் தபார்லி. 1931-இல் நாந்த் நகரில் பிறந்த இவர், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. இவருடைய தந்தையாரிடம் 1898-இல் கட்டப்பட்ட பழைய பாய்மரப் படகு ஒன்று இருந்தது. அதன் பெயர் ‘பென் டுயிக்’. பிரிட்டனி வட்டார மொழியில் இது கருந்தலையுடைய ஒரு சிறு பறவையின் பெயர். தபார்லி பின்னர் உருவாக்கிய படகுகள் பலவற்றுக்கும் அதே பெயரை வைத்து, எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போனார். நம் கதைப் படகு நான்காவது: பென் டுயிக் 4. இதை வரைந்து கொடுத்த வடிவமைப்பாளர் ஆந்த்ரே அலெக்ர்.

அக்காலத்தில் மாலுமிகள் நடுவே பெரும் புகழ் பெற்றிருந்த போட்டி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் புறப்பட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாளாகக் கடந்து, அமெரிக்காவை அடைய வேண்டும். தூரம் ஏறத்தாழ 3,000 கடல்மைல். (ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.) நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்ற இப்போட்டியில் 1960-இல் வென்றவர் ஆங்கிலேயரான பிரான்சிஸ் சிசெஸ்டர், அவருக்கு 40 நாட்கள் ஆயின. 1964-இல் பென் டுயிக் 2 என்ற ஓருடல் படகில் 27 நாட்களில் சென்று வென்றார் தபார்லி.

வென்ற படகையே மேலும் மெருகேற்றி மறுபடி ஓட்டியிருக்கலாம் அல்லவா? தபார்லி அப்படிச் செய்யவில்லை. 1966-இல் பிரிட்டனைச் சுற்றிவரும் பந்தயத்தில் டெரெக் கெல்சால் என்பவரின் ‘டோரியா’ என்ற மூவுடல் படகு வென்றதை அவர் கவனித்தார். ஒற்றை உடலின் எல்லையை இனி தாண்ட வேண்டுமென்று முடிவு செய்தார்.

ஈயக் குண்டும் அகன்ற கால்களும்

அது என்ன எல்லை? முதலில் ஓருடல் படகைப் பார்ப்போம். காற்று பாயின்மீது பக்கவாட்டில் மோதும்போது படகு சாய்கிறது. சாய்ந்த படகை நிமிர்த்துவது எது? அடியில், ஆழத்தில் தொங்கும் கனமான அடிக்கட்டை. அதில் ஈயமோ இரும்போ வைத்திருப்பார்கள். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இந்தப் பளு மட்டுமே இருப்பதுண்டு. காற்று எவ்வளவு சாய்த்தாலும் இந்தப் பளு படகை நிமிர்த்திவிடும். ஆனால் அத்தனை பளுவையும் கடல் முழுதும் இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

மூவுடல் படகின் வழி வேறு. ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்க வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? கால்களை அகற்றி வைத்துக்கொள்வீர்கள். மூவுடல் படகும் அதையே செய்கிறது. காற்று சாய்க்கத் தொடங்கியதும், சாயும் பக்கத்து மிதவை நீருக்குள் அழுந்துகிறது. நீர் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. படகின் எடை நடுவில் கீழ்நோக்கி இழுக்கிறது. இவ்விரு விசைகளுக்கும் இடையே பல மீட்டர் தூரம் இருக்கிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும் என்று பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தூரம் பெரிதானால் எடை குறைவாக இருந்தாலும் போதும். ஆகவே ஈயம் தேவையில்லை, படகு இலேசாகிவிடுகிறது.

இன்னொரு தடையையும் இந்த ஒல்லி உடல்கள் வெல்கின்றன. நீரில் செல்லும் எந்தப் படகும் தன் முனையில் ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அப்போது படகு இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் அமர்ந்திருப்பதுபோல் ஆகிறது. அதற்குமேல் வேகம் வேண்டுமானால், தான் எழுப்பிய மேட்டிலேயே தான் ஏற வேண்டும்! கனமான படகால் இது எளிதில் முடியாது. இந்த எல்லையைக் கணக்கிட ஒரு சுருக்கமான வழி உண்டு. மீட்டரில் உள்ள நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்குங்கள், வேகம் நாட் அளவில், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என்று கிடைக்கும். 20 மீட்டர் படகுக்கு இது ஏறத்தாழ 10.9 நாட், மணிக்கு 20 கிலோமீட்டர்.

ஒல்லியான, இலேசான உடல் நீரைக் கத்திபோல் கிழிக்கிறது. அது எழுப்பும் அலை சிறியது. ஆகவே மேட்டில் சிக்கிக்கொள்ளாமல் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. சற்றுப் பின்னால் இதற்குச் சான்று காண்போம்.

பெயரில் ஒரு தமிழ்ச் சொல்

மூவுடல் படகை ஆங்கிலத்தில் டிரைமரன் என்கிறார்கள். இரண்டு உடல் கொண்டது கேட்டமரன். இச்சொற்களின் வேர் நம் கட்டுமரம்! பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் இச்சொல்லைத் தம் பயணநூலில் எழுதினார். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. நம் மீனவரின் கட்டுமரம், மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அதில் தனித்தனி உடல்கள் இல்லை. பக்க மிதவை வைத்தும் இரட்டை உடல் அமைத்தும் படகு கட்டி, பசிபிக் பெருங்கடலின் தொலைதூரத் தீவுகளில் குடியேறியவர்கள் பாலினேசிய மக்கள். பெயர் நம் கரையிலிருந்தும் அமைப்பு அவர்கள் கடலிலிருந்தும் வந்தவை.

தோல்வியில் தொடங்கிய பயணம்

1968 ஜூனில் பென் டுயிக் 4 தன் முதல் பந்தயத்துக்குப் புறப்பட்டது. படகு நீரில் இறங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஒத்திகைக்கே நேரம் கிடைக்கவில்லை. தனி மாலுமி நாள் முழுதும் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. படகு தானாகச் செல்லும்படி ஒரு கருவியிடம் விட்டுவிட்டு, சமைக்கவும் கண்ணயரவும் உள்ளே போக வேண்டும். முதல் இரவில் தபார்லி உள்ளே இருந்தபோது, படகு ஒரு சரக்குக் கப்பல்மீது மோதிற்று. ஒரு மிதவை சேதமடைந்தது. பிளிமத்துக்குத் திரும்பிப் பழுது பார்த்துக்கொண்டு மீண்டும் புறப்பட்டார். அடுத்து, படகைத் தானாகச் செலுத்தும் கருவி மக்கர் செய்தது. வேறு வழியின்றிப் பந்தயத்திலிருந்து விலகினார். அவ்வாண்டு வென்றது ஓர் ஓருடல் படகு.

அதே 1968-இல் மூவுடல் படகுகளைப் பரப்பிய அமெரிக்க வடிவமைப்பாளர் ஆர்தர் பைவர், அத்தகைய படகு ஒன்றில் தனியே சென்று கலிபோர்னியாக் கடலில் காணாமற்போனார். ‘இவ்வகைப் படகுகள் பெருங்கடலுக்கு ஆகா’ என்று சொன்னவர்களின் குரல் ஓங்கியது.

தபார்லி மனம் தளரவில்லை. குறைகளைத் திருத்திக்கொண்டு, ஒலிவியே தெ கெர்சோசோன், அலென் கோலாஸ் ஆகிய இளைஞர்களுடன் மறுபடி கடலுக்குப் போனார். கானரித் தீவுகளிலிருந்து மார்த்தினிக் தீவுக்கு அட்லாண்டிக்கைப் பத்தரை நாட்களில் கடந்தார்கள். பிறகு பனாமாக் கால்வாய் வழியே பசிபிக்குக்குச் சென்றார்கள். 1969-இல் லாஸ் ஏஞ்சல்சிலிருந்து ஹவாய்க்கு நடந்த பந்தயத்தில் பல உடல் படகுகளுக்கு இடமில்லை என்றார்கள். அதனால் என்ன? பந்தயப் படகுகளுக்குப் பக்கத்திலேயே, பெயர் பதியாமல் ஓட்டினார்கள். 2,225 கடல்மைல் தூரம். 8 நாள் 13 மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். போட்டியில் முதலாவதாக வந்த ஓருடல் படகு பல மணி நேரம் கழித்தே கரை சேர்ந்தது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 நாள் 13 மணி என்பது 205 மணி. 2,225-ஐ 205-ஆல் வகுத்தால் 10.85 நாட். நாம் முன்பு கண்ட எல்லை 10.9 அல்லவா? எட்டரை நாட்களின் சராசரி வேகமே அந்த எல்லையைத் தொட்டு நிற்கிறது. காற்று குறைந்த நேரங்களும் இருந்திருக்கும். அப்படியானால் மற்ற நேரங்களில் படகு எல்லையைத் தாண்டிப் பறந்திருக்க வேண்டும் என்பது விளங்குகிறதல்லவா?

படகை வாங்கிய ஆசிரியர்

உடன் சென்ற இளைஞர்களில் அலென் கோலாசைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1943-இல் பிறந்தவர், ஊர் பிரான்சின் உட்பகுதியில் கடலுக்கு வெகுதொலைவில் உள்ள கிளாம்சி. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிரெஞ்சு கற்பித்துக்கொண்டிருந்தபோது, 1967-இல் பந்தயத்துக்காக அங்கு வந்த தபார்லியைச் சந்தித்தார். அன்று அவரைப் பற்றிக்கொண்ட கடல் மோகம் பின்னர் விடவேயில்லை.

1970-இல் தபார்லி அடுத்த படகைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிவிட்டார். பென் டுயிக் 4-ஐ கோலாஸ் விலைக்கு வாங்கினார். பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல் வழியாக, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு அதைப் பிரான்சுக்கு ஓட்டிவந்தார். அப்பயணமே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. படகின் ஒவ்வொரு ஒலிக்கும் பொருள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

1972-இல் பிளிமத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட படகுகள் புறப்பட்டன. அனைவரும் எதிர்பார்த்தது ழான் ஈவ் தெர்லேனின் ‘வாந்த்ரதி 13’ என்ற படகை. 39 மீட்டர் நீளம், மூன்று பாய்மரங்கள் கொண்ட ராட்சதப் படகு அது. நீளம் கூடினால் வேக எல்லையும் கூடும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் அதில் பாதி நீளமே இருந்த பென் டுயிக் 4 முந்திக்கொண்டது. 20 நாள் 13 மணி 15 நிமிடத்தில் கோலாஸ் நியூபோர்ட்டை அடைந்தார். தெர்லேன் வந்தது ஏறத்தாழ 16 மணி நேரம் கழித்து. அப்போட்டியில் பல உடல் படகு ஒன்று வென்றது அதுவே முதல்முறை.

பயணப் பறவை

வெற்றிக்குப் பின் கோலாஸ் படகுக்குப் புதுப்பெயர் சூட்டினார்: மனுரேவா. தாஹித்தித் தீவு மொழியில் ‘பயணப் பறவை’ என்று பொருள். ஆக, பழைய பெயரும் பறவை. புதிய பெயரும் பறவை.

1973 செப்டம்பர் 8-ஆம் நாள் பிரான்சின் சான் மாலோ துறைமுகத்திலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். நன்னம்பிக்கை முனையைக் கடந்து, 79 நாட்களில் சிட்னியை அடைந்தார். அங்கு ஒரே ஒரு நிறுத்தம். படகைச் செப்பனிட்டுக்கொண்டு மறுபடி புறப்பட்டார். தென் அமெரிக்காவின் கொம்பு முனையைச் சுற்றி, 1974 மார்ச் 28-இல் சான் மாலோ திரும்பினார். கடலில் கழித்தவை 169 நாட்கள். 1966-67-இல் சிசெஸ்டர் தனியாக, அவரும் சிட்னியில் மட்டும் நின்று, ஓருடல் படகில் உலகைச் சுற்றிவர எடுத்துக்கொண்டவை 226 நாட்கள். வேறுபாடு 57 நாட்கள்!

அடுத்த ஆண்டில் பெருந்துன்பம் நேர்ந்தது. 1975-இல் நங்கூரச் சங்கிலியில் சிக்கிக் கோலாசின் வலது பாதம் ஏறத்தாழத் துண்டாயிற்று. இருபதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அப்படியிருந்தும் 1976-இல் 72 மீட்டர் நீளமுள்ள நான்கு பாய்மர ஓருடல் படகு ஒன்றைத் தனியாளாக அட்லாண்டிக்கில் ஓட்டினார். அப்போட்டியில் வென்றவர் பழைய ஆசான் தபார்லி.

1978 நவம்பர் 16

1978 நவம்பர் 5-ஆம் நாள் சான் மாலோவிலிருந்து கரீபியக் கடலின் குவாதலூப் தீவுக்குப் புதிய பந்தயம் ஒன்று தொடங்கியது. பெயர் ‘ரூத் து ரம்’. 38 படகுகள் புறப்பட்டன. கோலாஸ் தமக்குப் பழகிய மனுரேவாவையே தேர்ந்தெடுத்திருந்தார். நவம்பர் 16-ஆம் நாள் அசோர்ஸ் தீவுகளின் அருகிலிருந்து அவர் வானொலியில் பேசினார். அப்பகுதியில் புயல் வீசிற்று. அதன்பின் மனுரேவாவிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. கடற்படை விமானங்கள் பல நாட்கள் தேடின. மிதவையின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. கோலாசுக்கு அப்போது வயது 35.

என்ன நடந்தது என்பது இன்றுவரை விடைகாணாத புதிர். ஆனால் இத்தகைய படகு எதிர்கொள்ளும் ஆபத்துகளை விஞ்ஞானம் விளக்க முடியும்.

முதல் ஆபத்து கவிழ்தல். ஓருடல் படகு சாயச்சாய அதை நிமிர்த்தும் திறன் வெகுதூரம் வரை வளர்கிறது. மூவுடல் படகோ தொடக்கத்தில் மிக உறுதியாக நிற்கும். சாய்வு ஓர் அளவைத் தாண்டினால் நிமிர்த்தும் திறன் விரைவாகக் குறைந்துவிடும். ஒரு மேசையைப் பாருங்கள். நான்கு கால்களில் உறுதியாக நிற்கிறது. தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் அப்படியும் உறுதியாகவே இருக்கிறது! எந்த அகலம் வேகத்தைத் தந்ததோ, அதே அகலம் கவிழ்ந்த படகை நிமிரவிடாமல் தடுக்கிறது.

இரண்டாவது ஆபத்து உலோகச் சோர்வு. ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடியாது. திரும்பத்திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். 1954-இல் காமெட் என்ற ஜெட் விமானங்கள் வானில் சிதறியதற்குக் காரணம் இதுவே. மூன்று உடல்களையும் அலைகள் வெவ்வேறு பக்கம் இழுக்கின்றன. அத்தனை விசையும் இணைப்புச் சட்டத்தில் வந்து சேர்கிறது. பத்து வினாடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 8,640 அலைகள். 169 நாட்களில் 14 லட்சத்துக்கும் மேல்! மனுரேவாவின் அலுமினியம் இப்படிப் பத்து ஆண்டுகள் உழைத்திருந்தது.

வானில் ஒரு காவல்

இக்கதையில் மனத்தை உறுத்தும் ஒரு தேதி உண்டு. 1978 அக்டோபர் 13. அன்று அமெரிக்கா டைரோஸ்-என் என்ற வானிலைச் செயற்கைக்கோளை ஏவியது. அதில் பிரான்சின் ‘ஆர்கோஸ்’ கருவி இருந்தது. கடலில் மிதக்கும் சிறு வானொலிக் கருவி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே அதன் வேலை. அக்கருவி விண்ணுக்குச் சென்ற மூன்றே வாரங்களில் கோலாஸ் புறப்பட்டார்.

ஆர்கோஸ் எப்படி இடத்தை அறிகிறது? ரயில் நம்மை நெருங்கும்போது அதன் ஊதல் ஒலி கூர்மையாகவும், கடந்து விலகும்போது மந்தமாகவும் கேட்கும். இதுவே டாப்ளர் விளைவு. செயற்கைக்கோள் நெருங்கும்போது கடலிலுள்ள கருவியின் அலைவெண் சற்றே கூடியதாகவும், விலகும்போது குறைந்ததாகவும் பதிவாகும். இந்த மாற்றத்தைக் கணக்கிட்டால் கருவி இருக்குமிடம் தெரிந்துவிடும். கோலாஸ் மறைந்த பிறகு, 1979 முதல் பந்தயப் படகுகள் ஆர்கோஸ் கருவியை ஏந்தத் தொடங்கின.

அதே டாப்ளர் முறையில், ஆபத்தில் சிக்கியவர்களைத் தேடுவதற்கென்றே அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்சு ஆகியவை சேர்ந்து ‘காஸ்பாஸ்-சார்சாட்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. 1982 அக்டோபரில் ‘கான்சோ’ என்ற பல உடல் படகு அட்லாண்டிக்கில் கவிழ்ந்தது. கவிழ்ந்தாலும் அது மூழ்கவில்லை. ஈயம் இல்லாத படகுக்கு உள்ள நன்மை அது. உள்ளேயிருந்த மூவரும் கருவியை இயக்கினார்கள். செயற்கைக்கோள் குறிப்பைக் கேட்டது, மூவரும் மீட்கப்பட்டார்கள். கவிழ்ந்த படகு மிதந்துகொண்டிருந்தால் மட்டும் போதாது. அது எங்கே மிதக்கிறது என்று யாருக்காவது தெரிய வேண்டும். அதன்பின் இந்த ஏற்பாட்டின் உதவியால் உயிர் தப்பியவர்கள் 50,000-க்கும் மேற்பட்டோர்.

அதே பந்தயத்தின் முடிவு

கோலாஸ் மறைந்த அந்தப் பந்தயத்தில் வென்றவர் யார் தெரியுமா? கனடா நாட்டு மைக் பர்ச். 23 நாட்களுக்குப் பின், தம்மைவிட ஏறத்தாழ இருமடங்கு நீளமான ஓருடல் படகை 98 வினாடி வித்தியாசத்தில் முந்தினார். அவர் ஓட்டியது 12 மீட்டர்கூட இல்லாத ஒரு சிறிய மூவுடல் படகு. அதன்பிறகு இப்பந்தயத்தில் முதலில் கரை சேர்ந்தவையெல்லாம் பல உடல் படகுகளே. 2022-இல் சார்ல் கோத்ரெலியே அதே பந்தயத்தை 7 நாட்களுக்குள் முடித்தார்.

தபார்லி 1980-இல் நீருக்குமேல் உயர்த்தும் தகடுகள் பொருத்திய மூவுடல் படகில் அட்லாண்டிக்கைக் கடந்து, 1905 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். 1998 ஜூனில், தம் குடும்பத்தின் பழைய பென் டுயிக்கிலிருந்து இரவில் கடலில் விழுந்து இறந்தார். 2017-இல் பிரான்சுவா கபார் தனியாளாக, எங்கும் நிற்காமல், மூவுடல் படகில் உலகைச் சுற்றிவந்தார். அவருக்கு ஆனவை 42 நாள் 16 மணி 40 நிமிடம். கோலாசின் 169 நாட்களில் கால் பங்கு!

கபாரின் படகு கரிம இழைகளால் ஆனது. அது செல்லும் பாதையைக் கரையிலிருந்தோர் மணிக்கு மணி அறிந்திருந்தார்கள். ஆனால் அதன் அடிப்படை, 1968-இல் லோரியானில் நீரில் இறங்கிய அதே வடிவம்தான்: நடுவே ஓர் ஒல்லி உடல், இருபுறமும் இரண்டு மிதவைகள்.